கூரிய நாவின் கவர்ச்சி

மணப்பந்தலிலோ, கோயில் வீதியிலோ, மாலை வேளையில் நாலு பேர் கூடும் திண்ணையிலோ, எல்லாருடைய குறைகளையும் எடுத்துச் சொல்லிச் சிரிக்கவைக்கும் ஒருவர் எந்த ஊரிலும் இருப்பார். அவர் வாயில் அகப்படாமல் இருக்கவேண்டுமென்றே எல்லாரும் விரும்புவர். ஆயினும், அவர் வந்து அமர்ந்துவிட்டால் அவரைச் சூழவே ஆட்கள் சேர்வர். அவர் வராத கூட்டம் களையிழந்து போகும். ஊரார் அஞ்சுவதும் அவருக்கே, தேடுவதும் அவரையே. இந்த முரண்பாட்டுக்குக் காரணம் யாது?

நம் முன்னோர் இதனை ஆராயாமல் விடவில்லை. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலிலே சிரிப்புத் தோன்றும் நிலைக்களங்கள் நான்கினைக் கூறுமிடத்து, எள்ளலையே முதலில் வைத்தார். பிறரை எள்ளுவதிலிருந்து சிரிப்புப் பிறக்கிறது என்பதை அவர் மறைக்கவில்லை. வள்ளுவரோ பண்புடைமை என்னும் அதிகாரத்திலே, விளையாட்டாகச் சொன்னாலும் இகழ்ச்சி துன்பந் தருவதே என்று எச்சரித்தார். எள்ளலின்றிச் சிரிப்பில்லை என்பது ஒருபுறம்; எள்ளல் புண்படுத்தும் என்பது மறுபுறம். இவ்விரண்டுக்கும் இடையே ஓர் ஒற்றையடிப் பாதை உண்டு. அந்தப் பாதையிலே அரை நூற்றாண்டுக்கு மேலாக நடந்து, பலமுறை இடறி, மறுபடியும் எழுந்து நடந்தவர் ஒரு பெண்மணி. அவர் அமெரிக்க நாட்டு மேடை நகைச்சுவையாளரும் தொலைக்காட்சி நிகழ்ச்சி நடத்துநருமான ஜோன் ரிவர்ஸ். கூரிய நாவின் கவர்ச்சி எதில் இருக்கிறது என்பதை அறிய அவருடைய வாழ்க்கையை விடச் சிறந்த பாடம் கிடைப்பது அரிது.

ஜோன் 1933 ஆம் ஆண்டு யூன் மாதம் 8 ஆந் திகதி நியூயோர்க் நகரின் புரூக்ளின் பகுதியிலே பிறந்தார். பெற்றோர் ரஷ்யாவிலிருந்து குடிபெயர்ந்த யூதர், தந்தையார் வைத்தியர். பெற்றோர் இட்ட பெயர் ஜோன் மொலின்ஸ்கி. பார்னார்ட் கல்லூரியிலே பயின்று 1954 இல் பட்டம் பெற்றார். நல்ல குடும்பம், நல்ல கல்வி. இனி நல்ல இடத்திலே மணமுடித்துக் கொடுத்தால் போதும் என்பதே அக்காலத்து வீடுகளின் எண்ணம். மகளோ நாடக மேடையை நாடினார். நடிகையாக வேண்டுமென்ற ஆசை நிறைவேறாமல், கிறீனிச் வில்லேஜ் பகுதியின் சிறிய விடுதிகளிலே, கையில் ஒலிவாங்கியுடன் தனியே நின்று மக்களைச் சிரிக்கவைக்கும் தொழிலுக்கு வந்து சேர்ந்தார். தொழிலுக்கேற்ற பெயர் வேண்டுமென்று ஒரு முகவர் கூறவே, அம்முகவரின் பெயரிலிருந்த ரிவர்ஸ் என்பதையே தம் பெயருடன் சேர்த்துக்கொண்டார்.

மேடை நகைச்சுவை அன்று ஆண்களின் தொழில். பெண்ணொருத்தி அங்கே நிற்பதானால் கோமாளி வேடம் பூண்டே நிற்கவேண்டும் என்ற எண்ணம் இருந்தது. அவருக்கு முன்னே புகழ்பெற்ற பிலிஸ் டில்லர் என்ற அம்மையார் கலைந்த தலையும் விநோதமான உடையுமாகத் தோன்றி, கற்பனைக் கணவன் ஒருவனைப் பற்றிப் பேசியே கைதட்டல் பெற்றார். ஜோனோ விருந்துக்குச் செல்லும் நகரப் பெண்ணைப் போல உடுத்து வந்து, தம் சொந்த வாழ்க்கையையே சபையில் விரித்தார். ஆரம்பத்திலே வரவேற்பு மிகக் குறைவு. கூட்டம் சிரிக்க மறுத்த ஓர் இரவிலே, அக்காலத்தில் பெரும் சர்ச்சைக்குரியவராயிருந்த நகைச்சுவையாளர் லெனி புரூஸ் அவருக்கு ஒரு துண்டுக் கடிதம் அனுப்பினார். சரியாகச் செய்பவர் ஜோன்தான், பிழை சபையாருடையது என்பதே அதன் பொருள். அந்தக் கடிதத்தின் பலத்திலேயே நெடுநாள் தாக்குப்பிடித்ததாக ஜோன் பின்னர் கூறினார்.

விடிவு 1965 ஆம் ஆண்டு பெப்ரவரி 17 ஆந் திகதி வந்தது. அமெரிக்க மக்கள் உறங்கச் செல்லுமுன் பார்த்து மகிழ்ந்த நள்ளிரவு நிகழ்ச்சி ஒன்றை ஜோனி கார்சன் என்பவர் நடத்தி வந்தார். நிகழ்ச்சி அமைப்பாளர்கள் பலமுறை தட்டிக்கழித்த பின்னரே ஜோனுக்கு அங்கே இடம் கிடைத்தது. அன்று கார்சன் வாய்விட்டுச் சிரித்தார். இவர் பெரும் நட்சத்திரம் ஆவார் என்று நாடு கேட்கச் சொன்னார். முப்பத்தொரு வயதுவரை கதவுகளைத் தட்டித் திரிந்த பெண்ணுக்கு ஒரே இரவில் கதவுகள் திறந்தன.

அவர் சொன்னவைதாம் யாவை? மணப்பருவத்திலே தம்மைத் தேடி ஒருவரும் வரவில்லை என்பது, மகளை எப்படியாவது அனுப்பிவிடத் தாய் பட்ட பாடு, தமக்குச் சமைக்கத் தெரியாமை, கண்ணாடி காட்டும் உண்மை, ஏறிக்கொண்டே போகும் வயது என்பனவே அவர் எடுத்துக்கொண்ட பொருள்கள். பிற்காலத்தில் அழகுச் சத்திரசிகிச்சை பலமுறை செய்துகொண்டார். ஊரார் அதனைக் காதோடு காதாகப் பேசி நகைக்குமுன்னர், அவரே மேடையிலேறி உரத்துச் சொல்லிவிட்டார். வாள் வீசத் தொடங்கியவர் முதல் வெட்டைத் தம்மேலேயே வீசிக்கொண்டார். அதன்பின் அவர் பிறரை வெட்டும்போது சபை அவருக்கு இடங்கொடுத்தது.

அக்காலத்திலே பெண்கள் வாய்திறந்து பேசக்கூடாதவை பல இருந்தன. 1967 இல் அவர் கர்ப்பிணியாயிருந்த நிலையில் புகழ்பெற்றதொரு தொலைக்காட்சி நிகழ்ச்சியிலே தோன்றினார். கண்ணுக்குத் தெரிந்த அந்த நிலையைக் குறிக்கும் சொல்லை ஒலிபரப்பிலே சொல்ல அனுமதிக்கவில்லை என்று அவர் பின்னர் நினைவுகூர்ந்தார். வீட்டு அடுக்களையிலே பெண்கள் தமக்குள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டவற்றை, விளக்கொளியில் நின்று உரத்த குரலிற் பேசியமையே ஜோன் செய்த புதுமை. கொஞ்சம் மனம்விட்டுப் பேசலாமா என்ற கருத்துப்பட அவர் கேட்கும் கேள்வி அவருடைய முத்திரை வாசகமாயிற்று. அந்தக் கேள்வியைக் கேட்டதும் சபையினர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிடுவர். ஆயிரம் பேர் இருந்த மண்டபம் இரண்டு அயல்வீட்டுப் பெண்கள் வேலியோரத்தில் நின்று பேசும் இடமாக மாறிவிடும்.

நிகழ்ச்சியை நடத்துபவருக்கு வேண்டிய ஆற்றலும் இதுவே. மேடை நகைச்சுவையாளர் தனியே பேசுபவர். நடத்துநரோ பிறரைப் பேசவைப்பவர். விருந்தினர் ஒருவர் பூசி மெழுகிப் பேசும்போது, வீட்டிலிருந்து பார்ப்பவரின் மனத்தில் எழும் கேள்வியைத் தயங்காமல் கேட்பவரே மக்கள் மனத்தில் இடம்பெறுவார். 1983 இல் கார்சனின் நிகழ்ச்சியை அவர் விடுமுறையிலிருக்கும் காலங்களில் நடத்தும் நிரந்தரப் பொறுப்பு ஜோனுக்குக் கிடைத்தது. அவ்வாண்டே கார்னகி மண்டபத்திலும் மேடையேறினார்.

வாயில் வந்ததைப் பேசுபவர் என்று அவரைக் கருதியவர் பலர். உண்மை வேறு. அவருடைய வீட்டிலே கோவை அலமாரிகள் நிரைநிரையாக இருந்தன. அவற்றின் இழுப்பறைகளிலே, பல ஆண்டுகளாக எழுதிய நகைச்சுவைத் துணுக்குகள் சிறு அட்டைகளில் தட்டச்சுச் செய்யப்பட்டு, பொருள்வாரியாக அடுக்கப்பட்டிருந்தன. நூலகர் ஒருவர் நூற்பட்டியலைப் பேணுவது போல அவர் சிரிப்பைப் பேணினார். புதிய துணுக்குகளைச் சிறிய அரங்கிலே சொல்லிப் பார்த்து, சபை சிரித்ததை வைத்து, சிரிக்காததைத் தள்ளினார். துடுக்காக வந்து விழுவதுபோலத் தோன்றும் சொல்லுக்குப் பின்னே பொற்கொல்லரின் பொறுமை இருந்தது.

ஏற்றத்தின் பின்னே இறக்கம் வந்தது. 1986 ஒக்ரோபரில், புதிதாகத் தோன்றிய பொக்ஸ் நிறுவனத்தின் நள்ளிரவு நிகழ்ச்சியை அவர் நடத்தத் தொடங்கினார். அமெரிக்காவின் பெரிய ஒளிபரப்பு நிறுவனம் ஒன்றில் ஒரு பெண் தம் பெயரால் அத்தகைய நிகழ்ச்சியை நடத்த முன்வந்தது அதுவே முதன்முறை எனலாம். ஆனால் அது கார்சனுக்குப் போட்டியான நிகழ்ச்சி. தம்மிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை என்று சினந்த கார்சன், 2005 இல் தாம் இறக்கும்வரை அவருடன் பேசவேயில்லை. புதிய நிகழ்ச்சியும் நிலைக்கவில்லை. அதன் தயாரிப்புப் பொறுப்பிலிருந்த கணவர் எட்கர் ரோசன்பேர்க் விலகவேண்டுமென்று நிறுவனம் கேட்டது, ஜோன் மறுத்தார். 1987 மே மாதத்தில் இருவரும் வெளியேற்றப்பட்டனர். அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் கணவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். ஐம்பத்து நான்கு வயதிலே தொழிலும் போய், துணையும் போய், ஒரே மகள் மெலிசாவும் துயரத்தால் மனம் விலகி நின்ற நிலையில் அவர் தனித்துவிடப்பட்டார்.

அந்த இருண்ட நாட்களில் நடந்த ஒன்றை அவர் பிற்காலத்திலே பலமுறை சொன்னதுண்டு. தாயும் மகளும் ஓர் உணவகத்துக்குச் சென்றிருந்தனர். இருவருக்கும் பேச்சு வரவில்லை. உணவுப் பட்டியலைக் கையிலெடுத்துப் பார்த்த தாய், இந்த விலைகளைக் கண்டால் உன் தந்தை இன்னொரு முறையும் உயிரை விட்டுவிடுவார் என்று சொன்னார். கேட்கும்போதே நெஞ்சு திடுக்கிடும் சொல் இது. ஆனால் மகள் சிரித்தாள். கணவர் இறந்தபின் அவர்கள் வீட்டில் எழுந்த முதற் சிரிப்பு அது. எவராலும் தொட முடியாதிருந்த புண்ணை அந்தச் சொல் தொட்டது. தொட்டபின்னும் இருவரும் உயிரோடுதான் இருந்தனர். பிற்காலத்தில் 1994 இல், தம் துயரக் கதையைக் கூறும் தொலைக்காட்சிப் படத்திலே தாயும் மகளும் தாமாகவே நடித்தனர்.

கூரிய நாவின் கவர்ச்சிக்குரிய மருமம் இந்த உணவகத்து மேசையிலேயே இருக்கிறது. அச்சந் தரும் பொருள் ஒன்றைச் சொல்லாமல் மூடி வைக்கும்போது அது பெரிதாகிக்கொண்டே போகும். மரணம், முதுமை, அழகின்மை, கைவிடப்படல் ஆகியவற்றை ஒருவர் துணிந்து பெயர் சொல்லி அழைத்து, அவற்றைப் பார்த்து நகைப்பாரானால், கேட்பவர் நெஞ்சிலும் பாரம் சிறிது இறங்குகிறது. வைத்தியனின் கத்தியும் கள்வனின் கத்தியும் ஒரே இரும்பாற் செய்யப்பட்டவை. வைத்தியனிடம் உடலைக் கொடுப்பவர் வலியை விரும்பியா கொடுக்கிறார்?

ஜோன் மீண்டு வந்தார். 1989 இல் தொடங்கிய பகல்நேர உரையாடல் நிகழ்ச்சி 1993 வரை நடந்தது. அதற்காக 1990 இல் எமி விருது பெற்றார். தமக்குத் துண்டுக் கடிதம் எழுதிய லெனி புரூஸின் தாயார் வேடத்தை ஏற்று 1994 இல் பிராட்வே மேடையிலே நடித்தார். சிறந்த நடிகைக்கான ரோனி விருதுக்கும் அவர் பெயர் முன்மொழியப்பட்டது. பின்னர் திரைப்பட விருது விழாக்களின் வாசலிலே மகளுடன் நின்று, வருவோரின் உடையலங்காரத்தைத் தாட்சணியமின்றி மதிப்பிட்டார். வானத்துத் தேவதைகளாகக் கொண்டாடப்பட்டவர்களைத் தரைக்கு இறக்கிய அந்தக் காட்சியைச் சாதாரண மக்கள் ஆவலோடு பார்த்தனர்.

ஆனால் அவருடைய நாவு என்றும் நேரிய வழியிற் சென்றது என்று கூறமுடியாது. 2010 இல் வெளிவந்த அவரைப் பற்றிய விவரணத் திரைப்படத்திலே ஒரு காட்சி உண்டு. விஸ்கொன்சின் மாநிலத்தில் நடந்த நிகழ்ச்சியொன்றில், கண்ணும் செவியும் புலனிழந்த ஹெலன் கெல்லரை வைத்து அவர் ஒரு துணுக்குச் சொல்கிறார். சபையிலிருந்த ஒருவர், செவிப்புலனற்ற மகன் இருந்தால் இது சிரிப்பாக இராது என்று குரல் எழுப்புகிறார். ஜோன் சீறுகிறார். தம் தாயும் செவிப்புலன் இழந்தவரே என்றும், துன்பங்களை எதிர்கொள்வதற்கே எல்லாவற்றையும் பார்த்துச் சிரிக்கவேண்டும் என்றும் கடுமையாகப் பதிலளிக்கிறார். சபை அவர் பக்கம் நின்று கைதட்டுகிறது. நிகழ்ச்சி முடிந்தபின் அவர் முகம் மாறுகிறது. அந்தத் தந்தைக்காகத் தாம் வருந்துவதாகச் சொல்கிறார்.

அங்கே யார் பக்கம் நியாயம்? இருவர் பக்கமும் உண்டு. துயரை நகையாக்கி வெல்லும் உரிமை ஜோனுக்கு இருந்தது. தம் துயரைப் பிறர் நகையாக்க விடாத உரிமை அந்தத் தந்தைக்கும் இருந்தது. ஒருவருக்கு மருந்தாவது இன்னொருவருக்குப் புண்ணில் இட்ட உப்பாகிறது. தம் தாயைப் பற்றிச் சொன்னபோது ஜோன் தாமும் அந்த வேதனையிற் பங்காளி என்பதையே எடுத்துக்காட்டினார். அந்தப் பங்கு இருந்தமையாற்றான் சபை அவரை மன்னித்தது.

பங்கு இல்லாத இடத்தில் மன்னிப்பும் அரிதாயிற்று. 2013 இல் மாதிரி அழகி ஒருவரின் உடையை விமர்சிக்கும்போது, நாஜிகளின் கொலைக்களங்களை நினைவூட்டும் துணுக்கொன்றைச் சொன்னார். யூத அமைப்பொன்றே அதனைக் கண்டித்தது. தம் கணவரின் குடும்பத்தார் அங்கே மாண்டவர்கள் என்றும், அந்தக் கொடுமையை மறக்கவிடாதிருப்பது தம் உரிமை என்றும் கூறி அவர் வருத்தந் தெரிவிக்க மறுத்தார். அவர் கூற்றை ஏற்றவர்களும் இருந்தனர். 2014 ஓகஸ்ட் மாதத்திலே காசாவில் மாண்ட மக்களைக் குறித்து அவர் உதிர்த்த கடுஞ்சொற்களோ பலத்த கண்டனத்தை எழுப்பின. தம் சொற்கள் திரித்துக் கூறப்பட்டன என்று அவர் பின்னர் விளக்கினார். ஆயினும் அந்தச் சொற்களில் நகைச்சுவை இல்லை. தம்மேல் வீசிக்கொண்ட முதல் வெட்டும் இல்லை. எளியோரின் பிணத்தின்மேல் விழும் எள்ளல் எள்ளலாகவும் இராது, வெறுங் கொடுமையாகவே நிற்கும். அரை நூற்றாண்டுக் காலம் அவரைக் காத்துநின்ற கவசம் அங்கே அவருக்கு உதவவில்லை.

ஆகவே, கூரிய நாவுடையோரை மதிப்பிடுவதற்கு ஓர் அளவுகோலை அவர் வாழ்க்கையே நமக்குத் தருகிறது. சொல்பவர் தம்மையும் அந்தத் தராசில் வைக்கிறாரா? அடி மேலே இருப்பவர்மேல் விழுகிறதா, கீழே கிடப்பவர்மேல் விழுகிறதா? சிரித்து முடிந்தபின் கேட்டவர் மனம் இலேசாகிறதா, கனக்கிறதா? இந்த மூன்று கேள்விகளுக்கும் நல்ல விடை கிடைக்குமானால், அந்த நாவு எவ்வளவு கூரியதாயினும் அஞ்ச வேண்டுவதில்லை. விடை கிடையாதாயின், அது எவ்வளவு சிரிப்பை மூட்டினாலும் வள்ளுவர் எச்சரித்த இகழ்ச்சியே அது.

தொல்காப்பியர் காட்டிய எள்ளலுக்கும் வள்ளுவர் காட்டிய பண்புக்கும் இடையே ஜோன் கண்ட வழி இதுவே எனலாம். அவர் 2012 இல் வெளியிட்ட நூலின் தலைப்பே இதற்குச் சான்று. எல்லாரையும் வெறுக்கிறேன், என்னில் தொடங்கி என்பது அத்தலைப்பின் பொருள். வெறுப்பு என்ற சொல் அங்கே வேடிக்கை. தன்னில் தொடங்கி என்ற பகுதியே உண்மை. அந்த வேடிக்கைக்குப் பின்னே இருந்த நெஞ்சத்தை வேறோர் இடத்திற் காணலாம். நோயால் வீட்டைவிட்டு வெளியேற இயலாதோருக்கு உணவு கொண்டுசெல்லும் நியூயோர்க் அறநிலையம் ஒன்றிலே அவர் நெடுங்காலம் தொண்டாற்றினார். பண்டிகை நாளில் பேரப்பிள்ளையையும் அழைத்துக்கொண்டு, உணவுப் பொதிகளுடன் நோயாளரின் வாசற்கதவுகளைத் தாமே தட்டினார்.

கார்சனின் நிகழ்ச்சிக் கதவு அவருக்கு ஏறத்தாழ இருபத்தெட்டு ஆண்டுகள் அடைபட்டிருந்தது. புதிய நடத்துநர் ஜிமி பலன் பொறுப்பேற்ற முதல் இரவிலே, 2014 பெப்ரவரி 17 ஆந் திகதி, ஒரு கணம் அவர் அங்கே தோன்றினார். அவர் முதன்முதல் அந்நிகழ்ச்சியில் ஏறிய நாளிலிருந்து சரியாக நாற்பத்தொன்பது ஆண்டுகள் கழிந்திருந்தன.

அவ்வாண்டு ஓகஸ்ட் 27 ஆந் திகதி இரவு, எண்பத்தொரு வயதில், மன்ஹாற்றன் நகர்ப்பகுதியின் சிறிய அரங்கொன்றிலே அவர் வழக்கம்போல மேடையேறிச் சபையைச் சிரிக்கவைத்தார். மறுநாள் தொண்டையிலே செய்யப்பட்ட பரிசோதனையின்போது மூச்சுத் தடைப்பட்டது. செப்ரெம்பர் 4 ஆந் திகதி உயிர் பிரிந்தது. தம் இறுதிச் சடங்கு எப்படி ஆரவாரமாக நடக்கவேண்டும் என்பதையும் அவர் அந்த 2012 ஆம் ஆண்டு நூலிலே வேடிக்கையாக எழுதி வைத்திருந்தார். சடங்கிலே வழங்கப்பட்ட நிகழ்ச்சி நிரலில் அப்பகுதி அச்சிடப்பட்டிருந்தது. துயரத்தோடு வந்தவர்கள் அதனை வாசித்துச் சிரித்தபடியே கண்ணீரைத் துடைத்துக்கொண்டனர்.